தினமும் கழுவிய சுவர்: ரோஜாவுக்காக மலாக்கா போன கதை

போன மாதம் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மலாக்கா போய்வந்தேன். கோட்டை பார்க்கவும் இல்லை, ஆற்றுப் படகில் ஏறவும் இல்லை. ஒரு காண்டாமிருகத்துக்குக் குட்டி பிறக்க வழி கேட்டுப் போனேன். இதைச் சொன்னதும் பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கைப்பையை மடிக்கு மாற்றிக்கொண்டார். நீங்களும் அப்படிப் பார்த்தால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, பழகிவிட்டது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் வடக்கே, கெடாவில் ஒரு தனியார் விலங்குப் பூங்காவில் எனக்கு வேலை. பூங்காவின் பெயரைச் சொல்லமாட்டேன், எனக்கு அந்த வேலை இன்னும் வேண்டும். பல வருடம் மான் பிரிவில் இருந்தேன். இரண்டரை வருடங்களுக்கு முன் காண்டாமிருகப் பிரிவை என் தலையில் கட்டினார்கள். அங்கே இருப்பது இரண்டு வெள்ளைக் காண்டாமிருகங்கள். பெண் பெயர் ரோஜா, வயது பதினான்கு. ஆண் பெயர் பீமா. முன்பொரு முறை பீமா முட்டியதில் ரோஜாவுக்கு விலாவில் பெரிய காயம். அன்றிலிருந்து இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர், அதில் ஓர் இரும்புக் கதவு. பீமா சுவரருகே வந்து ஆர்வம் காட்டினால் மட்டும் கதவைத் திறப்பது என்று ஏற்பாடு. நான் வந்த பிறகு அவன் ஒருமுறைகூட வந்து நிற்கவில்லை. நாங்களும் கதவைத் திறக்கவில்லை.

இதில் அவசரம் என்னவென்றால், பெண் காண்டாமிருகம் சினையாகாமலே பல வருடம் இருந்தால் அதன் கருப்பையில் கட்டிகள் வளர ஆரம்பிக்கும். கட்டி பெருத்துவிட்டால் பிறகு எந்த ஆணைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் பிரயோசனம் இல்லை. ரோஜாவின் சாணத்தை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். அவளுக்கு இன்னும் பருவம் வருகிறது, ஆனால் காலம் அதிகமில்லை என்று எங்கள் மிருக டாக்டர் சொல்லிவிட்டார். இந்த நிலையில் நிர்வாகம் ஒரு கூட்டம் வைத்தது. அடுத்த திங்கட்கிழமை இயக்குநர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள், ‘ஆண் உதவாது’ என்று முடிவானால் பீமாவை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு ரோஜாவைத் தனியாகவே வைத்துக்கொள்வார்கள். அதாவது அவள் கதை அதோடு சரி.

ஓய்வுபெற்ற மிருக டாக்டர் ஒருவர்தான் ஒரு பெயர் கொடுத்தார். மாணிக்கம், மலாக்கா காஜா பெராங்கில் இருக்கிறார், எண்பதுகளில் காட்டிலிருந்து பிடித்துவந்த சுமத்திரா காண்டாமிருகங்களை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டவர், அன்றாடம் எழுதிய நோட்டுப் புத்தகங்களை இன்னும் வைத்திருக்கிறார் என்றார். போன் போட்டேன். "வா மா, அதுல என்னா இருக்கு. வர்ற முன்ன ஒரு போன் போடு" என்றார். வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

சுங்கை பட்டாணியிலிருந்து காலை 8.30 பஸ், கட்டணம் 68 ரிங்கிட், எங்கள் பேச்சில் வெள்ளி. தூரம் ஏறக்குறைய 480 கிலோமீட்டர். பஸ்ஸில் குளிர்சாதனம் என்ற பெயரில் நம்மை உறைய வைப்பார்கள், தடித்த சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். தாப்பா ஓய்விடத்தில் இருபது நிமிடம் நிறுத்தினார்கள். தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், பொட்டலம் 3 வெள்ளி, காரம் இருந்தது, ருசி இல்லை. கோலாலம்பூரைத் தாண்டுவதற்குள் ஒன்றரை மணி நேரம் நெரிசலில் போயிற்று. மலாக்கா பஸ் நிலையத்தில் இறங்கும்போது மாலை 4.50.

அங்கிருந்து காஜா பெராங் மூன்றரை கிலோமீட்டர். செயலியில் கார் கூப்பிட்டேன், 8 வெள்ளி. ஓட்டுநர் நம் ஆள்தான், முப்பது வயது இருக்கும்.

"எங்கக்கா, கம்பம் செட்டி, அந்தச் செட்டிங்க ஊரு பாக்க வந்தீங்களா? நம்ம கோயில் இருக்கு அங்க. ஆனா அவங்ககிட்ட தமிழ்ல பேசிராதீங்க, முழிப்பாங்க. மலாய்தான்."

"காண்டாமிருகம் வளத்தவர் ஒருத்தர பாக்க வந்தேன்."

கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்தார். "காஜா பெராங்னா கோவக்கார யானை. காண்டாமிருகம் எப்ப வந்துச்சுன்னு தெரியலயே. ஓட்டல் இருக்கா, இல்ல சும்மா கெளம்பி வந்துட்டீங்களா?"

சும்மாதான் கிளம்பி வந்திருந்தேன். அவரே ஒரு சிறு விடுதியைக் காட்டினார். ஒரு நாளைக்கு 85 வெள்ளி, காலை உணவு கிடையாது, சுடுநீர் வரும் என்றார்கள், வெதுவெதுப்பாக வந்தது. பெரிய சாலையில் நடந்து பத்து நிமிடத்தில் தோசைக் கடை. இரண்டு தோசை, ஒரு தே தாரேக் டீ, 6 வெள்ளி 40 காசு. தோசைக்காகவே அந்தத் தெருவில் தங்கலாம்.

சனிக்கிழமை காலை 9.15க்கு மாணிக்கம் அண்ணன் வீட்டு வாசலில் நின்றேன். கம்பம் செட்டி வளைவைத் தாண்டி இரண்டாவது சந்தில் பாதி பலகை, பாதி கல் வீடு. மனிதர் முன்வாசல் சிமெண்டுத் தரையை ரப்பர் குழாய் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது என்று சொன்னால்தான் தெரியும், ஆள் தென்னை ஈர்க்கு மாதிரி நேராக இருந்தார். கிருமிநாசினி வாடை சந்து முனைக்கே அடித்தது.

"செருப்பக் கழட்டிட்டு இப்படி ஓரமா வா. நடுவுல வழுக்கும்" என்றார்.

அவர் மனைவி சாவித்திரி அக்கா அந்தக் கிராமத்திலேயே பிறந்து வளர்ந்த செட்டிப் பெண், பல நூறு வருடம் முன் குடியேறி மலாய் பேசப் பழகிவிட்ட தமிழ் வம்சம். "டூடோக், டூடோக்" என்று நாற்காலியைக் காட்டி உட்கார வைத்தார், கேட்காமலே கோப்பியும் கூவே பலகாரமும் வந்தன. அவருக்குத் தமிழில் சாமி, அண்ணன், தம்பி என்று சில சொற்கள் வரும், மற்றதெல்லாம் மலாய். அண்ணன் என்னிடம் தமிழில் பேசுவார், மனைவியிடம் மலாயில் பேசுவார், இரண்டுக்கும் நடுவே நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு மலாய் வரும் என்பது அக்காவுக்குத் தெரிந்ததும் ரொம்ப நிம்மதி. "இவர் என்னைத் தவிர எல்லாவற்றையும் கழுவிவிட்டார்" என்று என் காதோரம் குறைப்பட்டுக்கொண்டார்.

பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து பதினொரு நோட்டுப் புத்தகங்கள் வெளியே வந்தன. ஒன்றுகூடக் கிழியவில்லை, பூச்சி அரிக்கவில்லை. மலாயில், குண்டு குண்டான எழுத்தில், நாள் தவறாமல் எழுதியிருந்தார். அப்போது பத்து பெரெண்டாம் என்ற ஊருக்கு அருகே ஒரு சின்ன இடத்தில் இரண்டு விலங்குகளை மட்டும் வைத்திருந்தார்களாம். பெண்ணுக்கு மெலூர் என்று பெயர் வைத்தவர் இவரே. ஆணை எல்லோரும் அபாங் என்று கூப்பிட்டார்கள். அங்கேயும் நடுவில் ஒரு சுவர், ஒரு கதவு. அபாங் சுவரருகே வந்து நின்றால் கதவைத் திறக்கவேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, நாற்பது வருடம் கழித்தும் நாங்கள் அதே சுவரைத்தான் கட்டி வைத்திருக்கிறோம்.

"தெறந்தீங்களா அண்ணே?"

"மொதல்ல கொஞ்ச நாளு வந்தான், நின்னான். ஆனா மெலூரு அப்ப புதுசு, காட்டுலேர்ந்து வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு, ஒடம்பு தேறட்டும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. தேறி முடிச்சப்ப இவன் வர்றத நிப்பாட்டிட்டான். ஒன்பது வருசம். திரும்பிக்கூட பாக்கல." கையை விரித்தார். "ஆம்பள சரியில்லன்னு ஆபீசுல எழுதிட்டாங்க. மெலூரு செத்தப்ப அறுத்துப் பாத்தாங்க. கர்ப்பப்பை முழுக்க கட்டி மா. தேங்கா மாரி ஒண்ணு, அதச் சுத்தி சின்னது சின்னதா. அதப் பாத்துட்டு ஒரு பெரிய மனுசன் இது பொறப்புலயே மலடின்னான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன அடிச்சிருப்பேன்."

நீ படி, நான் வாசல முடிச்சிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுக் குழாயை எடுத்துக்கொண்டு போனார். நான் முதல் நோட்டைத் திறந்தேன். அப்போது மணி 9.50.

முதல் நோட்டு முழுக்க அபாங்தான். ‘காலை 7. அபாங் சுவரருகே. முகர்ந்தான், மேலுதட்டைச் சுருட்டினான். மெலூர் மறுபக்கம் விசில் அடித்தாள்.’ இப்படி இரண்டு மூன்று நாள் இருக்கும், பிறகு இருபது நாளைப்போல ஒன்றும் இராது, மறுபடி இரண்டு மூன்று நாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு பெண் மிருகம் பருவத்துக்கு வரும் கணக்கை, அது என்னவென்றே தெரியாமல், ஒரு மனிதர் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். இது ஆபீசுக்குப் போகவில்லையா என்று வாசலைப் பார்த்துக் கத்திக் கேட்டேன். மாதம் ஒரு தாள்தான் போகுமாம், அதில் எடையும் தீனியும் மட்டும் எழுத இடம் இருக்குமாம். நோட்டு அவரோடு நின்றுவிட்டது.

இரண்டாவது நோட்டின் நடுப்பக்கத்தில் ஒரு வரி வந்தது. ‘புது பம்ப் வந்தது. சுவர் முழுவதும் கழுவினேன், மருந்து போட்டேன். மிகவும் சுத்தம்.’ அடுத்த நாள், ‘சுவர் கழுவினேன். பியாசா.’ பியாசா என்றால் வழக்கம்போல, விசேஷமில்லை என்று அர்த்தம். அதற்கடுத்த நாளும் அதே. அபாங் அந்த மாதம் ஒருநாள் வந்திருக்கிறான். பிறகு இல்லை. நான் பக்கங்களைத் தள்ளினேன். மூன்றாவது நோட்டு, நான்காவது, ஏழாவது, பதினொன்றாவது. சுவர் கழுவினேன், பியாசா. சுவர் கழுவினேன், பியாசா. ஒன்பது வருடம்.

காண்டாமிருகத்துக்குக் கண் மந்தம். அது தெரிந்துகொள்வதெல்லாம் மூக்கால். பெண் சிறுநீரைச் சுவரிலும் புதரிலும் பீய்ச்சிவிட்டுப் போகும், ஆண் அதை முகர்ந்து உதட்டைச் சுருட்டித்தான் அவளுக்கு நேரம் வந்ததா என்று தெரிந்துகொள்ளும். மெலூர் ஒவ்வொரு மாதமும் அந்தச் சுவரில் கடிதம் எழுதியிருக்கிறாள். இந்த மனிதர் விடிந்ததும் வந்து அதைக் கழுவி, மேலே மருந்தும் தெளித்திருக்கிறார். அபாங் வருவதற்காகக் காத்திருந்தார்கள், அவனை வரவழைக்கும் ஒன்றை மட்டும் தினமும் சாக்கடைக்கு அனுப்பினார்கள்.

நியாயமாக எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. என் கொட்டகைதான் கண்முன் வந்தது. ஏனென்றால் எங்கள் பூங்காவுக்கு உயர் அழுத்தப் பம்ப் வாங்கச் சொல்லி நச்சரித்தது நான்.

எனக்கு முன் அந்தப் பிரிவில் இருந்தவர் மண்வெட்டியால் சாணத்தை அள்ளி ஒரு மூலையில் குவிப்பார், அவ்வளவுதான். நாற்றம் தாங்கவில்லை என்று பார்வையாளர்கள் புகார் எழுதினார்கள். நான் வந்த முதல் வாரமே, இது என்ன மாட்டுக் கொட்டகையா என்று அவரைக் கேலி செய்துவிட்டு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினேன். கழுவுமுன் ஒரு படம், கழுவிய பின் ஒரு படம், இரண்டும் என் போனில் இன்னும் இருக்கின்றன. வருடக் கடைசியில் ‘மிகச் சுத்தமான பிரிவு’ என்று எனக்குப் பலகை கொடுத்தார்கள், அதைக் கொட்டகை வாசலிலேயே மாட்டினேன். ரோஜாவின் காயம் ஆறாமல் கதவைப் பூட்டியே வைத்திருந்த நாட்களில், மானுக்குத் தழை கொண்டுபோகும்போது பீமா அந்தச் சுவரோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது எப்போது நின்றது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. போனை எடுக்கப்போய்க் கோப்பியைப் பாதி தட்டில் கொட்டிவிட்டேன். சாவித்திரி அக்கா ஓடிவந்து, உடம்புக்கு முடியவில்லையா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "படிச்சாச்சா? வா, எடத்தக் காட்டுறேன். வண்டி இருக்கு." நான் நோட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து போனேன்.

மோட்டார் சைக்கிளில் புக்கிட் பாரு பக்கமாகச் சுற்றிப் போனோம், ஏழு கிலோமீட்டர், இருபது நிமிடம். சனிக்கிழமை மலாக்காவில் கார் நகராது, சுற்றுலாக் கூட்டம். மோட்டார் சைக்கிள்தான் சரி. பத்து பெரெண்டாமில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு லாரி நிறுத்துமிடம். பழைய அடைப்பில் மிஞ்சியது ஒரே ஒரு சுவர், இடுப்புக்கு மேல் உயரம், இருபது அடி நீளம். லாரிக்காரர்கள் அதில் துணி காயப்போட்டிருந்தார்கள்.

"இதான் மா. இந்தப் பக்கம் மெலூரு, அந்தப் பக்கம் அபாங்." சட்டை ஒன்றை ஒதுக்கிவிட்டுச் சுவரைத் தடவிக் காட்டினார். "பாரு, கதவுக் கொக்கி இன்னும் இருக்கு. நம்ம கண்டாங், இந்த அடைப்பு மாரி சுத்தம் இந்த நாட்டுலயே கெடயாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காங்க. பக்கத்துல நாலு மானு கிருமி வந்து செத்துச்சு, எனக்கு அதுலேர்ந்து பயம். ஒரு நாளு விட்டதில்ல. தீவாளி அன்னிக்கும் வந்து இத கழுவிட்டுத்தான் எண்ண தேச்சுக் குளிச்சேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணே, பம்ப் வந்த மாசத்துக்கு அப்பறம் அபாங் சொவத்துக்கிட்ட வந்ததா நீங்க எழுதவே இல்ல."

"வரல, எழுதல."

"அதுக்கு முன்ன வந்திருக்கான். மாசா மாசம் வந்திருக்கான். மோந்து பாத்து ஒதட்டச் சுருட்டினான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எதை மோந்து பாத்தான்?"

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஒன்பது வருடம் அந்த மிருகங்களோடு இருந்த மனிதர், அவருக்குத் தெரியாததா. அப்படியே லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது, தண்ணீர் போத்தலைத் திறந்து கொடுத்தேன், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"நான் கழுவி விட்டுட்டேன்" என்றார். போத்தலைக் கீழே வைத்துவிட்டு, "நான்தானே மா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு பத்துக் காரணம் இருந்திருக்கும், ஒரு சுவரால் மட்டும் ஆனதா என்று ஆறுதல் சொல்லியிருக்கலாம். அதில் பாதி உண்மையும்கூட. ஆனால் என் வாயில் வந்தது, "நானும் ரெண்டர வருசமா அதத்தான் அண்ணே செய்றேன்" என்பதுதான். என் போனில் இருந்த இரண்டு படங்களையும் அவருக்குக் காட்டினேன்.

படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். சட்டென்று எழுந்து நின்றார். "நாளைக்குக் காலையில ஒன்னோட சொவத்த யாரு கழுவுறா?"

"அஸ்மி."

"இப்பவே கூப்புடு."

மணி 12.10. அஸ்மி என் உதவியாளர், மலாய்க்காரர், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர். எங்கள் பேச்சு மலாயில் நடந்தது, தமிழில் தருகிறேன். நாளைக்குச் சுவரில் தண்ணீர் படக்கூடாது என்றேன். "அக்கா, திங்கட்கிழமை இயக்குநர்கள் வருகிறார்கள். இரண்டு நாள் கழுவாமல் விட்டால் வாடை வாசல்வரை வரும். மேலாளர் என்னைத் தின்றுவிடுவார்" என்றார். மேலாளர் கேட்டால் கோகிலா சொன்னாள் என்று சொல், பழி என்மேல் என்றேன். பம்ப் சாவியை என்ன செய்வது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஆர்வக்கோளாறில் திறந்துவிடுவார்கள், வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடு என்றேன். நான் போனை வைக்கும்வரை அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பியபோது சாவித்திரி அக்கா அசாம் பெடாஸ் மீன் குழம்பு வைத்திருந்தார். அண்ணன் சாப்பிடவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்ட மனைவியிடம் நடந்ததை மலாயில் அவரே சொன்னார், சுருக்கமாக, எதையும் மறைக்காமல். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அந்த ஒன்பது வருடமும் உங்கள் சட்டையை நான்தான் துவைத்தேன்" என்றார். "அதில் மருந்து வாடைதான் வரும். மிருக வாடை ஒருநாளும் வந்ததில்லை. அப்போது அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது." பிறகு அண்ணன் தட்டில் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்து கொடுத்தார், அதை அண்ணன் சாப்பிட்டார். நான் முதல் இரண்டு நோட்டுகளையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு 3.30க்கு விடைபெற்றேன்.

மாலையில் பழைய நகரப் பக்கம் நடந்தேன் என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. விடுதி அறையில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை 9 மணி பஸ், அதே 68 வெள்ளி, சுங்கை பட்டாணி சேர்ந்தபோது மாலை 4.40.

திங்கட்கிழமை கூட்டத்தைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. வாடை நன்றாகவே அடித்தது. இயக்குநர் ஒருவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. மேலாளர் எல்லோர் முன்னாலும், உனக்குப் பைத்தியமா என்று கேட்டார். நான் நோட்டுப் பக்கங்களைக் கூட்ட அறையில் திரையிட்டுக் காட்டினேன், பம்ப் வந்த நாளுக்கு முன், பின். பிறகு என் பெயர் போட்ட பலகையைக் கழற்றி மேசைமேல் வைத்து, நான் கழுவ ஆரம்பித்தது எந்த மாதமோ, பீமா சுவருக்கு வருவது நின்றதும் அதே மாதம் என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. எங்கள் டாக்டர் போனில் பேசினார். இது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் இதைச் சரிசெய்யாமல் ஆணை அனுப்புவது முட்டாள்தனம் என்றார். மூன்று மாத அவகாசம் கிடைத்தது.

இனி, இதே மாதிரிக் காரியமாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காஜா பெராங்கில் தங்கினால் கோயிலுக்கும் சாப்பாட்டுக்கும் நடந்தே போகலாம், மலாக்கா ஆற்றங்கரைக்கு மட்டும் கார் வேண்டும். சனி ஞாயிறு தவிர்த்துப் போங்கள், அறை வாடகையும் குறையும். கம்பம் செட்டியில் எல்லோரும் நெற்றியில் நீறு பூசியிருப்பார்கள், அதைப் பார்த்துத் தமிழில் பொரிந்து தள்ளாதீர்கள், மலாயில் மரியாதையாக ஆரம்பியுங்கள். பஸ், அறை, சாப்பாடு, கார் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 372 வெள்ளி. இதில் அண்ணனுக்கு வாங்கிப்போன பழமும் அடக்கம்.

மிருகங்களோடு வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். சாணத்தை அள்ளுங்கள், தண்ணீர்த் தொட்டியைத் தேயுங்கள், படுக்கும் இடத்தைக் கழுவுங்கள், நோய்க் கிருமி பொய்யில்லை. நடுச்சுவரையும் ஒரு மூலைச் சாணக் குவியலையும் மட்டும் விட்டுவையுங்கள். அது உங்களுடையது அல்ல. அப்புறம், எழுதுகிறவர்கள் எழுதியதைத் திருப்பிப் படியுங்கள். நான் இதை எழுதும்போதுகூட எத்தனை பேர் தங்களுக்குத் தெரியாமலே எதையோ துடைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று நினைத்தால் திகைப்பாக இருக்கிறது.

சுவரைக் கழுவாமல் விட்டுப் பத்தொன்பதாவது நாள், காலை 7.20. ரோஜா சுவரோரமாக நடந்து, சுவர்மேல் பீய்ச்சிவிட்டுப் போனாள். பீமா தீனியை விட்டுவிட்டு வந்தான். சுவரில் மூக்கை வைத்தான், மூச்சை நீளமாக இழுத்தான், தலையைத் தூக்கி மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு அப்படியே நின்றான். அஸ்மி என் தோளைப் பிடித்து உலுக்கினார். மறுநாளும் நின்றான், அன்று டாக்டரை வைத்துக்கொண்டு கதவைத் திறந்தோம். சண்டை இல்லை. மற்றது நடந்தது. சினை பிடித்ததா என்று தெரிய இன்னும் நாளாகும்.

மாணிக்கம் அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். எந்தப் பக்கம் நின்றான், எவ்வளவு நேரம் நின்றான், ரோஜா சத்தம் கொடுத்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல உம் கொட்டினார். பிறகு வாசல் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"பம்ப் வந்தப்ப மெலூருக்கு எட்டு வயசுதான் மா இருக்கும்" என்றார்.